தோட்ட நாவல்களில் வேலை எங்கே?

ரப்பர், தேயிலை போன்ற தோட்டத்தைப் பற்றிய ஒரு நாவலை நான் எப்படி எடைபோடுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் வேலை இருக்கிறதா என்று பார்ப்பேன். துரை கெட்டவனா, கங்காணி கொடுமைக்காரனா, கதாநாயகி எத்தனை முறை அழுதாள் என்பதெல்லாம் அப்புறம். காலையில் எழுந்து போனவர்கள் அங்கே போய் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், அதற்கு என்ன கூலி வந்தது? இது தெரியாமல் அவர்களுடைய கண்ணீர் எனக்கு ஒட்டுவதில்லை.

கொஞ்ச நாளாகத் தோட்டக் கதைகளையே தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மா மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். நானும் பள்ளி விடுமுறையில் பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பிடுங்கப் போயிருக்கிறேன். அதனால் இந்தப் புத்தகங்களை வெறும் வாசகியாகப் படிக்க என்னால் முடியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் மனசுக்குள் ஒரு மண்டோர், வேலையை மேற்பார்வை பார்ப்பவர், நின்றுகொண்டு வெட்டு சரியா என்று பார்க்கிறார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பேர் கூப்பிட்டதும் அவரவர் நிரைக்கு, அவரவர் வெட்ட வேண்டிய மரவரிசைக்கு நடை. ஒரு நிரையில் நானூறு, ஐந்நூறு மரம் இருக்கும். இருட்டோடு வெட்டுவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏற ஏற இலை வழியாக மரத்தின் தண்ணீர் போய்விடும், பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் இறங்கிவிடும், பால் குறைந்துவிடும். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் சரிவாக இறங்க வேண்டும். சீவுகிற பட்டை மெல்லிய சுருளாக விழ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் கூடிப்போனால் உள்ளே காயம் பட்டு, புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். பிறகு அந்த இடத்தில் யாரும் ஒழுங்காகக் கத்தி வைக்க முடியாது. மழை பெய்தால் மங்கில், மரத்தில் கட்டிய கிண்ணத்தில், விழ வேண்டிய பால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும், அன்றைய கூலியும் அதோடு போச்சு. எல்லாம் நல்லபடியாக நடந்தால், வாளியில் பாலைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போக வேண்டும். அங்கே கணக்கெழுதும் கிராணி அளவுக்கோலை மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். மரத்திலிருந்து வரும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். தூக்கி வந்த பாரத்துக்குக் கூலி இல்லை, அந்த மூன்றில் ஒரு பங்குக்குத்தான்.

ஒரு நாவலுக்கு வேண்டிய பயம், ஏமாற்றம், போட்டி, கைத்திறன், கர்வம் எல்லாம் இந்த ஒரு காலைப்பொழுதிலேயே இருக்கிறது. ஆனால் பல கதைகளில் இது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: விடியற்காலையில் அவள் வேலைக்குப் போனாள். அடுத்த வரியில் வெயில் ஏறிவிடும், அதற்கடுத்த வரியில் புருஷன் கள்ளுக்கடையில் இருப்பான்.

அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ இதற்கு ஓர் உதாரணம். மலேசியாவுக்கு வந்து பார்த்துவிட்டு அவர் எழுதிய நாவல், 1977இல் வெளிவந்தது. அவ்வளவு பெரிய எழுத்தாளர் நம் தோட்டத்தை ஒரு பொருட்டாக எடுத்து எழுதினார் என்பதில் எங்கள் அப்பா தலைமுறைக்கு இருந்த பெருமையை நான் மதிக்கிறேன். இருந்தாலும் படிக்கும்போது எனக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளி கூடத்தில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்பது போலத்தான் இருந்தது. அன்பாகப் பேசுகிறார், நம் கஷ்டத்துக்கு வருந்துகிறார், அடுப்படிப் பக்கம் வரவில்லை. அவர் எழுதியது தமிழ்நாட்டு வாசகருக்காக என்பது ஒவ்வொரு விளக்கத்திலும் தெரிகிறது. அது குற்றமில்லை. ஆனால் தோட்ட நாவல் என்றதும் இன்னமும் அதையே முதலில் எடுத்து நீட்டுகிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்கு நேர்மாறாக என்னை உட்காரவைத்த புத்தகம் ஒன்று உண்டு. மலேசியத் தோட்டம் இல்லை, ரப்பரும் இல்லை. ‘எரியும் பனிக்காடு’. பி.எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர். ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்டார். இரா. முருகவேள் 2007இல் தமிழுக்குக் கொண்டுவந்தார். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படை இந்த நாவல்தான் என்பதால் பலருக்குக் கதை தெரிந்திருக்கும். படம் பார்த்தாச்சே, எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். படத்தில் அழுகை நிறைய, நாவலில் கணக்கு நிறைய. கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அதற்கப்புறம் அந்த முன்பணம் கதையில் ஒரு ஆள் மாதிரியே கூட வருகிறது. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கழிவெல்லாம் போகக் கையில் நிற்பது ஒன்றுமில்லை. ஊருக்குத் திரும்ப வழியில்லை. யாரும் சங்கிலி போட்டுக் கட்டவில்லை, ஒரு கணக்குப் புத்தகம் போதுமாயிருக்கிறது.

டாக்டர் எழுதியதாலோ என்னவோ, நோய் வரும்போது நோயின் பெயரோடு வருகிறது. யாரும் விதியின் மேல் சாய்ந்து சும்மா செத்துப்போவதில்லை. மலேரியாக் காய்ச்சலில் படுத்தவனுக்கு மருந்து கிடைத்ததா, படுத்த நாளுக்குக் கூலி உண்டா என்று அவர் பார்க்கிறார். உரையாடல்கள் சில இடங்களில் தட்டையாக இருக்கின்றன, தொழிற்சங்கப் பிரசுரம் படிப்பது போன்ற பக்கங்களும் உண்டு. இலக்கிய நண்பர்கள் இதைப் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். அழகாக எழுதிய பத்து தோட்டக் கதைகள் எனக்குச் சொல்லாததை இந்த ஒரு புத்தகம் சொன்னது.

சயாம், அதாவது தாய்லாந்து ரயிலைப் பற்றிய நாவல்களுக்கு வருகிறேன். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2005இல் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். அது உடம்புக்கு ஆகாது, இடையில் ஒரு மாதமாவது விட்டுப் படியுங்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளத்தை ஜப்பானியர்கள் 1942, 1943 ஆண்டுகளில் போட்டு முடித்தார்கள். அக்டோபர் 1943இல் இரு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்தது. போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்களுக்கு அங்கே வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்த ஆசியத் தொழிலாளிகளுக்கு அப்படி இல்லை. அவர்களில் பெரும் கூட்டம் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள். ஆக, இந்த நாவல்களை வெறும் நாவல்களாக வைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. கல் நடாத இடத்தில் இவர்கள் எழுதி வைத்தார்கள்.

சண்முகம் அப்பாவைத் தேடிப் போகும் ஒரு பையனை வைத்துக் கதையை நகர்த்துகிறார். அது வாசிப்பை இழுத்துக்கொண்டு போகிறது. வேலை இருக்கிறதா என்ற என் கேள்விக்கு இரண்டு நாவல்களிலுமே பதில் உண்டு. காடு வெட்டுவது, மண் சுமப்பது, கட்டை தூக்குவது எல்லாம் உடம்பு வலிக்கிற மாதிரி வருகிறது. காலரா வருகிறது, மழை வருகிறது. நான் இன்னும் கொஞ்சம் கேட்டது முந்தைய பகுதியைத்தான். ஏன் போனார்கள்? பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி தோட்டத்திலேயே இருக்கிறது. ஜப்பான்காரன் வந்ததும் மேல்நாட்டுக்கு ரப்பர் போவது நின்றது. வாங்க ஆளில்லாத பாலை யார் வெட்டச் சொல்வார்கள்? நிரை இல்லை, கூலி இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தவனிடம் சயாமில் சோறும் சம்பளமும் உண்டு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்னால் லாரியில் ஏறாமல் என்ன செய்வான்? பால் நின்ற அந்த மாதங்களை மட்டுமே வைத்து ஒரு நாவல் வேண்டும் எனக்கு.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. சரித்திரப் புத்தகத்தில் துப்பாக்கியும் காடும் கம்யூனிஸ்டும் இருக்கும். வேலைக்குப் போனவர்களுக்கு அது என்னவாக இருந்தது? காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று பல இடங்களில் வாசலில் நிறுத்திச் சோதனை போட்டார்கள், கட்டுச்சோறு கொண்டுபோக விடவில்லை. விடியுமுன் போய் நடுப்பகல்வரை வேலை செய்கிறவருக்குக் கையில் சோறில்லை என்றால் அந்த நாள் எப்படிப் போகும் என்று மரம் வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். பசியோடு கத்தி பிடித்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் மரம் காயப்படும், மரம் காயப்பட்டால் மண்டோரிடம் ஏச்சு. அவசரகாலம் அந்த மரப்பட்டையிலும் எழுதியிருக்கும். இப்படி ஒரு பக்கத்தை யாராவது எழுதியிருந்தால் நான் அந்தப் புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

மலேசிய எழுத்தாளர் ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு அதற்குத் தடை போட்டது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சமயத்தில் படிக்காதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். கெட்ட வார்த்தை இருக்கிறதே என்று வருத்தப்பட்டவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்ததே இல்லையா? குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் வரிசையில் ஒரு காலை நின்றிருந்தால் போதுமே. லூனாஸ் தோட்டமும், அங்கே விஷச் சாராயத்தில் மக்கள் செத்ததும் கதைக்குள் வருகின்றன. ஆனால் என் மனசில் நிற்பது ஓலம்மாதான். செடியையும் பிராணிகளையும் தொட்டுத் தெரிந்துவைத்திருக்கிற ஒரு கை அவளுக்கு. தோட்டத்துப் பெண் என்றாலே பாவப்பட்டவள் என்று படித்துப் படித்து அலுத்துப்போன எனக்கு, தன் இடத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருத்தியைப் பார்த்தது தெம்பாக இருந்தது. நாட்டார் தெய்வத்தையும் தாய்மையின் உக்கிரத்தையும் அவர் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அங்கே எழுத்தாளரின் குரல் ஓலம்மாவின் குரலைவிட உயர்ந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை ஏன் விட்டேன் என்று கேட்க வேண்டாம். அது இந்தோனேசியாவின் மேடானும் மலேசியாவின் பினாங்கும், கடைத்தெருவும் வட்டிக்கடையும். நான் கொண்டாடுகிற நாவல், ஆனால் தோட்டம் அதன் பாதையில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அவரே மேடானில் வேலை பார்த்தவர் என்பதால் கடைக்கணக்கும் கடைப்பேச்சும் அவர் எழுத்தில் தானாக வந்து விழுகின்றன. தொழில் தெரிந்தவன் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

அப்படியானால் நம் தோட்ட நாவல்களில் வேலை ஏன் ஒரே வரியில் முடிகிறது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம்மிடையே எழுத வந்தவர்களில் நிறையப் பேர் ஆசிரியர்கள். தோட்டத்திலேயே பிறந்தவர்கள்தான், ஆனால் படித்துத் தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்கள். பிள்ளை கையில் பால்வெட்டும் உளி பிடிக்கக் கூடாது என்றுதானே அம்மாமார்கள் படிக்க வைத்தார்கள்? அதனால் அந்தப் பிள்ளைகள் அம்மாவின் கஷ்டத்தைப் பார்த்தார்கள், அம்மாவின் திறமையைப் பார்க்கவில்லை. எங்கள் தோட்டத்தில் நிரை பிடித்தவர்களில் பெண்கள் சரிபாதிக்குக் குறையாது. ஒருத்தியின் வெட்டு எவ்வளவு சுத்தம், யார் நிரையில் பால் அதிகம் என்பதில் அவர்களுக்குள் எவ்வளவு போட்டி இருந்தது தெரியுமா? அதில் அவர்களுக்கு ஒரு மமதையே உண்டு. அந்த மமதையை நான் எந்த நாவலிலும் போதுமான அளவு பார்க்கவில்லை. அவர்களைப் பாவமாகவே பார்ப்பதும் ஒருவிதத்தில் அவர்களைச் சின்னவர்களாக்குவதுதான்.

இன்னொரு பக்கம், காலமும் ஓடிவிட்டது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் இருந்த இடமெல்லாம் செம்பனை, பாமாயில் எடுக்கும் பனை. நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். உதிரிப்பழம் பொறுக்குகிற அந்தப் பெண்ணின் முன்பணக் கதையை நம்மில் யாராவது எழுதுவார்களா? கருப்பனும் வள்ளியும் இன்று வேறு பாஷை பேசுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நம் வேதனையை மட்டும் பழைய ஆல்பம் போல வைத்துக்கொண்டிருப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்து நான் படிக்க நினைப்பது கா. பெருமாளின் ‘துயரப்பாதை’. தலைப்பைப் பார்த்தால் என் புலம்பலுக்கு அது இன்னும் தீனி போடும் என்று தோன்றுகிறது. ஆனால் பழைய ஆட்கள் இரண்டு பேர், நீ கேட்கிற வேலையெல்லாம் அதில் இருக்கிறது, படித்துவிட்டுப் பேசு என்று என்னை மடக்கியிருக்கிறார்கள். என் கையில் பிரதி இல்லை. ஈப்போ, கோலகங்சார் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். மடிக்காமல், மூலை கசங்காமல் திருப்பித் தருவேன். ஓரத்தில் பென்சிலால் எழுத மட்டும் அனுமதி வேண்டும்.