புகையிலைத் தூள் தெரியவில்லையா? அது போதாது

"ஸ்லிட் லேம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) புகையிலைத் தூள் இல்லையென்றால் விழித்திரையில் கிழிசல் இல்லை, யார் பார்த்தாலும் இதே முடிவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. விட்ரியஸில், அதாவது கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லில், புகையிலைத் தூள் போன்ற பழுப்பு நிறத் துகள்கள் (ஷாஃபர் அறிகுறி) தெரிந்தால் கிழிசல் இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆனால் தெரியாததை வைத்துக் கிழிசல் இல்லை என்று சொல்ல முடியாது. சில கிழிசல்களில் துகள் உதிர்வதே இல்லை.

அப்புறம், "யார் பார்த்தாலும்" என்பது. அறையை இருட்டாக்கி, ஒளிக்கற்றையை மெல்லிசாக்கி, லென்ஸுக்குப் பின்னால் ஃபோகஸ் வைத்து, நோயாளியை மேலே, கீழே, நேரே பார்க்கச் சொல்ல வேண்டும். கண் அசைந்த அந்த ஒன்றிரண்டு விநாடியில்தான் துகள்கள் மிதந்து வரும். அவசரத்தில் பார்த்தால் கோட்டை விட்டுவிடுவோம். ரத்த அணுக்களையும் துகள் என்று நினைத்துவிடலாம். முன்பே கண்புரை அறுவை நடந்த கண்ணில் கிழிசல் இல்லாமலும் துகள் மிதக்கும். ஆக, பார்ப்பவரின் பழக்கத்தைப் பொறுத்து முடிவு மாறும்.

திடீரெனக் கண்ணில் மின்னல் வெட்டு, புதிய மிதவைகள் (பார்வையில் மிதக்கும் புள்ளிகள்) என்று வருபவர்களில் விட்ரியஸ் விழித்திரையிலிருந்து பிரிந்தவர்களை எடுத்துக்கொண்டால், சுமார் 14% பேருக்குக் கிழிசல் இருக்கிறது. அதனால் துகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து, விளிம்பு வரை விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். பாப்பாவை விரிக்காமல் எடுக்கும் சாதாரண ஃபண்டஸ் போட்டோ (கண்ணின் உட்புறப் பின்பகுதியின் படம்) அதற்கு ஈடாகாது. கிழிசல் பெரும்பாலும் இருப்பது அந்தப் படத்துக்கு வெளியேதான்.