கொழுப்பு மாத்திரையும் குடிக்கிற வயிறும்

மூணு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி. சோமனூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் மெடிக்கலுக்குத் தறி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வந்தார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. கூலி வாங்கின கையோடு வந்திருக்கிறார். போனை நீட்டி, "அம்மிணி, இந்த மாத்திரையில ஒரு அட்டை குடுங்க" என்றார். பார்த்தால் அடோர்வாஸ்டாடின்.

"கொலஸ்ட்ரால் இருக்குதுங்களாண்ணா?"

"அதெல்லாம் இல்லீங்க. இதப் போட்டுக்கிட்டு குடிச்சா வவுத்துல புண்ணு வராதுன்னு வாட்ஸப்ல வந்துச்சு."

சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து, கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

அடோர்வாஸ்டாடின் 'ஸ்டாடின்' என்கிற மருந்து வகையைச் சேர்ந்தது. 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, ஒரு பச்சைப் பூசணத்திலிருந்து எடுத்ததுதான் அந்த வகையின் முதல் மருந்து. 1987இல் அமெரிக்காவில் அதே வகையைச் சேர்ந்த லோவாஸ்டாடின் விற்பனைக்கு வந்தது. கல்லீரல் கொழுப்பு தயாரிப்பதைக் குறைப்பது ஸ்டாடினின் வேலை. பிறகு பார்த்தால், அது அழற்சியையும் தணிக்கிறது, ரத்தக்குழாயின் உள்சுவரில், குழாயை விரித்துக் கொடுக்கிற நைட்ரிக் ஆக்ஸைடையும் கூட்டுகிறது. சாராயம் இரைப்பையில் செய்வது இதற்கு நேர் எதிர். மேலே பூசியிருக்கும் சளிப் படலத்தைக் கரைக்கிறது, சிறு ரத்தக்குழாய்களைச் சிதைக்கிறது, அந்த இடத்துக்கு ரத்தம் போவதையே குறைக்கிறது. அதனால்தான் ஸ்டாடினை எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். புண் குறைந்தது. இது நல்ல ஆராய்ச்சி, மனதாரச் சொல்கிறேன். வலிக்குக் கண்டுபிடித்த ஆஸ்பிரின் இன்றைக்கு மாரடைப்பைத் தடுக்கவில்லையா?

ஆனால் அந்த எலியையும் கொஞ்சம் பாருங்கள். பட்டினி போட்டு, கிட்டத்தட்ட கலப்பில்லாத சாராயத்தைக் குழாய் வழியாக ஒரே தடவை இரைப்பைக்குள் விடுவார்கள். ஒரு மணி நேரம் போல விட்டு, வயிற்றைத் திறந்து புண்ணை அளப்பார்கள். நம்மூர்ப் பாட்டிலில் இருப்பது 42.8 சதவீதம். ஒரு தடவையோடு நிற்பதும் இல்லை, வருசக் கணக்கில் போகிறது.

அதோடு, நம்ம ஆட்கள் வயிற்றில் சாராயம் மட்டுமா இருக்கிறது? என் மாமன், அம்மாவோட தம்பி, பன்னிரண்டு மணி நேரம் தறியில் நின்று முதுகு பிடித்துக்கொள்ளும். காலையில் டீயோடு ஒரு வலி மாத்திரை. ராத்திரி வெறும் வயிற்றில் கட்டிங். எரிச்சல் எடுத்தால் கேஸ் மாத்திரை. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் விடிகாலையில் காபித்தூள் கரைத்த மாதிரி வாந்தி எடுத்தார். டியூப் விட்டுப் பார்த்தபோது ரத்தம் கசிகிற புண். மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பரிசோதனையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருந்தது. அந்தக் கிருமியை 1984இல் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டியவர் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல். 2005இல் நோபல் பரிசு வாங்கினார். வயிற்றுப் புண்ணுக்குப் பெரிய காரணங்கள் இரண்டு: இந்தக் கிருமி, வலி மாத்திரை. சாராயம் எரிகிற கொள்ளியில் எண்ணெய். மாமனுக்கு அன்றைக்கு ஸ்டாடின் போட்டிருந்தாலும் கிருமி அங்கேயேதான் இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் வருவது ஆராய்ச்சி மேல் அல்ல. எலிக்கும் மனுசனுக்கும் நடுவில் இருக்கிற அத்தனை வேலையையும் தாண்டிக் குதித்து, மாத்திரை பேரை மட்டும் போனில் தள்ளிவிடுகிறார்களே, அதன் மேல்தான். அதிகமாகக் குடிப்பவருக்கு ஸ்டாடின் எழுதுமுன் டாக்டர் ஈரலைப் பார்ப்பார். சிலருக்குச் சதை வலி வரும். அதற்கும் நம்மாள் இன்னொரு வலி மாத்திரைதான் வாங்குவார்.

இதை மனுசர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். காப்புரிமை முடிந்த மலிவான மாத்திரை, கம்பெனிக்கு இதில் லாபம் இல்லை. அரசுப் பணத்தில்தான் நடக்கணும். கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிகளில் செய்யலாமே. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஆஸ்பிரினும் ஸ்டாடினும் சேர்த்தே விழுங்குகிற எத்தனையோ பேர் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். "குடிக்கிறவனுக்கு எதுக்கு மருந்து" என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ரத்தம் கக்கும்போது யாரும் அவர் குணத்தைப் பார்ப்பதில்லை.

அந்தத் தறிக்கார அண்ணனிடம் அன்றைக்கு இரண்டே விசயம்தான் சொன்னேன். வலி மாத்திரையை நிறுத்துங்க, திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போங்க. கறுப்பாப் போகுதான்னு கேட்டதுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

நேற்று சாயங்காலம் வந்தார். பையிலிருந்து கிருமிக்கான மாத்திரை அட்டைகளை எடுத்துக் கல்லாவில் பரப்பினார். "பதினாலு நாள்ல ஒம்பது ஆச்சுங்க அம்மிணி. இதுல எதையும் விட்றக்கூடாதுல்லங்க?" என்றார்.