வந்தது அசெம்ப்ளியா, மோல்டுமா?

"உற்பத்தியைச் சீனாவிலிருந்து மாற்றிவிட்டோம்" என்று எந்த நிறுவனம் அறிவித்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: மோல்டும் (பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சு) போனதா, பாகங்களைக் கோத்துப் பொருத்தும் அசெம்ப்ளி மட்டுமா? ஸ்க்ரூ முடுக்கும் லைனை எங்கும் போடலாம். உள்ளே போகும் மோட்டாரும் கனெக்டரும் பெரும்பாலும் பழைய இடத்திலிருந்தே வரும். 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட 7 அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த, மோட்டாருக்குள் போகும் காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. சில வாரங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில கார் ஆலைகள் நின்றன. ஆலை சீனாவில் இல்லாததால் என்ன பயன்?

வரிக் கணக்கும் இப்படித்தான். 2018இல் அமெரிக்கா சீனப் பொருள்கள் பலவற்றின் மீது போட்ட 25% கூடுதல் வரி, பொருள் உருவான நாட்டைப் பார்க்கிறது, கப்பல் ஏறிய துறைமுகத்தை அல்ல. பெயரோ தன்மையோ பயனோ மாறிப் புதுப்பொருளாகாவிட்டால் பழைய நாட்டு முத்திரை போகாது.

சரி, மோல்டையே தூக்குகிறோம். இறக்குவதற்கு முன் கடைசி ஷாட்டில், அதாவது கடைசி முறை வார்த்ததில், வந்த பாகங்களை அளந்து, மோல்டோடு அனுப்ப வேண்டும். புது இடத்தில் அளவு பிசகினால் ஒப்பிட வேறு சாட்சி கிடையாது. மோல்டைக் குளிர்விக்க நீர் ஓடும் கூலிங் சேனலில் காற்றடித்து நீரை முழுக்க வெளியேற்றி, துரு தடுக்கும் எண்ணெய் பூச வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் கடல் பயணத்திலேயே துரு பிடிக்கும்.

அதிகம் சறுக்குவது, மெஷினுக்கு வைக்கும் அளவுகளைக் குறித்த செட்டிங் ஷீட்டில். ஹைட்ராலிக் மெஷினில் கேஜ் 80 பார் காட்டினால் பிளாஸ்டிக் மீது விழும் அழுத்தம் 80 அல்ல. அதைப்போல் பத்து மடங்கு இருக்கலாம். அந்த மடங்கு, மெஷினின் சிலிண்டர், பிளாஸ்டிக்கைத் தள்ளும் ஸ்க்ரூ இவற்றின் விட்டங்களைப் பொறுத்து மெஷினுக்கு மெஷின் மாறும். ஷீட்டை அப்படியே காப்பியடித்தால் ஃபிளாஷ் (ஓரத்தில் பிதுங்கும் பிளாஸ்டிக்) வரும், இல்லை பாகம் நிரம்பாது. மோல்டுக்குள் பிளாஸ்டிக்கை உருகிய நிலையிலேயே வைக்கும் ஹாட் ரன்னரின் மின் பிளக்கில், பின்கள் (pin) இணைந்திருக்கும் வரிசையையும் சரிபாருங்கள். மாறியிருந்தால் ஹீட்டர் போய்விடும். மெஷினில் மோல்டு இறங்கும் இடத்தைச் சுற்றியுள்ள தண்டுகளான டை பார்களின் இடைவெளியை அளக்காமல் மோல்டை அனுப்பிவிட்டு, அங்கே மெஷினுக்குள் இறங்கவில்லை என்று கையைப் பிசைவதும் நடக்கத்தான் செய்கிறது.

வாகனத் துறை என்றால் புது இடத்திலும் பிபிஏபி (உற்பத்திக்கு முன் பாகத்துக்கு வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும் முறை, PPAP) உண்டு. வழக்கமாகத் தொடர்ச்சியாக 300 பாகமாவது ஓட்டிக் காட்ட வேண்டும். கப்பல் 5 வாரம், பொருத்த 2, ட்ரையல் 3, ஒப்புதல் 4 என்றாலே 14 வாரம். 8 வாரத்துக்கான பாகங்களை மட்டும் கையிருப்பில் வைத்துக் கிளம்புவது சூதாட்டம்.

மோல்டுக்குக் காசு கொடுத்த பில் மட்டும் போதாது. உரிமை யாருடையது, எப்போது கேட்டாலும் தருவார்களா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மோல்டின் மீதே சொத்து எண் பொறித்திருக்க வேண்டும். ஆர்டர் போகிறது என்று தெரிந்த பிறகு போய்க் கேட்டால், பழைய பாக்கியைச் சொல்லி ஆலை கேட்டை மூடிவிடும்.