பட்டாளம், புளியந்தோப்பு: ஏரியாவைச் சுற்றிக் காட்ட வேண்டியது யார்?

ஆகஸ்ட் நெருங்குகிறது. இனி வாட்ஸ்ஆப்பைத் திறந்தால் ‘ஹெரிடேஜ் வாக்’ போஸ்டராகத்தான் வந்து விழும், ஊரின் பழைய இடங்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவார்களே, அது. 2004இல் சென்னை வரலாற்றை எழுதிவந்த எஸ். முத்தையாவும் அவருடைய பத்திரிகை நண்பர்களும் சேர்ந்து ‘மெட்ராஸ் டே’யைத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 22ஐ ஒட்டி ஊரைப் பற்றிப் பேச ஒரு சாக்கு. இன்று அது வாரக்கணக்கில் நீளும் திருவிழாவாகிவிட்டது. குறை சொல்லவில்லை, நானும் போகிறவன்தான். பாரிமுனையில் தன்னந்தனியாக நிற்கும் அந்த 1773ஆம் ஆண்டு எல்லைத் தூணை ஒருவர் கைநீட்டிக் காட்டும்வரை அது என் கண்ணில் பட்டதே இல்லை. அத்தனை வருடம் அந்தப் பக்கம்தான் பஸ் ஏறியிருக்கிறேன்.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த நடைகள் எல்லாம் கட்டடம் மிச்சம் இருக்கும் இடங்களுக்கே போகின்றன. அர்மீனியன் சர்ச், சாந்தோம், மயிலாப்பூர் மாட வீதிகள், மிஞ்சிப் போனால் ராயபுரம் ரயில் நிலையம். கட்டடம் போய்விட்ட இடங்களை யாரும் சீந்துவதில்லை. அங்கே காட்டுவதற்குக் கல் கிடையாது, ஆட்கள்தான் இருக்கிறார்கள். அந்த ஆட்களை முன்னால் நிறுத்தி, நாம் பின்னால் நடக்க நமக்கு மனசு வருவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, பெரம்பூர் பாரக்ஸ் ரோடு. வடசென்னையின் இந்த வட்டாரத்தில் பல தலைமுறைக்குச் சோறு போட்டது பி அண்ட் சி துணி மில். ஊர்க்காரர்கள் வாயில் பின்னி மில். பக்கிங்ஹாம் மில் 1876இல் வந்தது, கர்நாட்டிக் மில் 1881இல். 1920இல் இரண்டும் ஒன்றாயின. காக்கித் துணிக்குப் பேர்போன மில் அது. 1996இல் மூடினார்கள். அப்புறம் ரொம்ப காலம் அந்த வளாகம் ஷூட்டிங் ஸ்பாட். தமிழ்ப் பட கிளைமாக்ஸ் சண்டைகளில் பாழடைந்த செங்கல் சுவரையும் துருப்பிடித்த இரும்புத் தூணையும் பார்த்திருப்பீர்களே, அதில் பலவும் இங்கே எடுத்தவை. இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகள். வாசலில் செக்யூரிட்டி, உள்ளே போக ஓடிபி.

அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடை ஏற்பாடு செய்திருந்தார்கள். போஸ்டர் கிடையாது, தெரிந்தவர் சொல்லித்தான் போனேன். வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா. அவருடைய அப்பா மில்லில் தறி ஓட்டியவர். அக்கா கையில் மைக் இல்லை, லேமினேட் போட்ட பழைய போட்டோ இல்லை. அடுக்குமாடியின் மதிலை ஒட்டி நடந்து வந்தவர் ஓரிடத்தில் நின்று, சுவரில் கையை வைத்தார்.

“இங்கதாம்பா கேட்டு. சங்கு ஊதுனா ஜனம் இப்டித்தான் வரும். நாங்க பசங்கல்லாம் சோத்துத் தூக்கு வெச்சிக்கினு இந்தச் சுவத்துல சாஞ்சி நிப்போம். அப்பா வரும், நின்னுக்கினே துன்னும், ஓடும்.”

எனக்கு உடனே 1918 ஞாபகம் வந்தது. அன்றைக்கு மில் தொழிலாளிகள் சொன்ன முக்கியமான குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பது. அதைக் காதில் வாங்கியவர்கள் அந்தப் பகுதியில் வியாபாரம் செய்துகொண்டிருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். அவர்கள் அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியாவைப் பிடித்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடை உத்தரவு வாங்கியது. அந்த வழக்கு கிளப்பிய விவாதம்தான் கடைசியில் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம்வரை போனது.

சங்கம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் அக்காவின் அப்பா நின்றபடிதான் சாப்பிட்டிருக்கிறார். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்காது. அக்காவுக்கு வாடியாவின் பெயர் தெரியாது. எனக்கு கேட் இருந்த இடம் தெரியாது. வழக்கமான நடைகளில் என்ன நடக்கும் தெரியுமா? ஆண்டுகள் தெரிந்த என் போன்ற ஆள் முன்னால் நின்று பேசுவான். நடுவில் இரண்டு நிமிடம் “இவங்க இந்த ஏரியாவுலயே பொறந்து வளந்தவங்க, ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா” என்று அக்காவைக் கூப்பிடுவான். எல்லோரும் கைதட்டுவார்கள். அது தலைகீழாக வேண்டும் என்கிறேன். அக்கா நடத்தட்டும், வழியையும் அவரே முடிவு செய்யட்டும். படித்த ஆள் கூட்டத்தோடு நடந்து வந்து, யாராவது கேட்டால் மட்டும் ஆண்டைச் சொல்லட்டும்.

அதற்காக ஏரியாக்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். இதே நடையில் ஓர் இடம் வந்தது. மில்லில் 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளிகள் பெருமளவில் வேலைக்குத் திரும்ப, போராட்டம் சாதிச் சண்டையாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் போயின. சங்க வரலாற்றில் இதை ‘வெள்ளைக்காரன் செய்த பிரித்தாளும் சூழ்ச்சி’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜாவின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு: கையில் சேமிப்பு இல்லாதவனை, எப்போதும் சமமாக நடத்தாதவர்கள், எங்களோடு பட்டினி கிட என்று சொல்வது என்ன நியாயம்?

அக்கா அந்த முனையை வேகமாகக் கடந்துவிட்டார். பின்னால் வந்த பையன் ஒருவன், அடுத்த தெருக்காரன், விடவில்லை. “யக்கா, அத்தையும் சொல்லிட்டுப் போ.” அக்கா, “அதெல்லாம் பழசு, இன்னாத்துக்கு இப்ப” என்றார். அவன் தன் தாத்தா சொன்னதாகத் தொடங்கினான். அக்கா மறுத்தார். பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த பெரியவர் எழுந்து வந்து இரண்டு பேரையும் மறுத்தார். நடுரோட்டில் கால் மணி நேரம் வாக்குவாதம், ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். நடைக்கு வந்தவர்களில் சிலர் வாட்சைப் பார்த்தார்கள். எனக்கு அன்றைய காலையின் உச்சம் அதுதான். ஆகவே என் கட்சி இது: நடத்துகிறவர் ஏரியாக்காரராக இருந்தால் மட்டும் போதாது, குறைந்தது இரண்டு தெருவிலிருந்து இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மறைப்பதை இன்னொருவர் போட்டு உடைக்க.

இனி வெளியிலிருந்து வரும் நம்மைப் பற்றி. சினிமா புண்ணியத்தில் வடசென்னை இப்போது ஃபேஷன். பாக்சிங், கானா, கேரம், கத்தி என்று ஒரு பாக்கெட் போட்டு வைத்திருக்கிறோம். அதைத் தேடித்தான் பலர் வருகிறார்கள். குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணை ‘கேண்டிட்’ என்று படம் பிடிக்கிறார்கள். ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டிக்குப் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு ரீல்ஸ் போடுகிறார்கள். உங்கள் வீட்டு வராண்டாவில் நாலு பேர் வந்து நின்று, நீங்கள் பல் தேய்ப்பதை “எவ்வளவு ரா-வாக இருக்கு” என்று படமெடுத்தால் சும்மா விடுவீர்களா? அன்றைய நடையில் இளைஞர்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள்: போன் பையில் இருக்கட்டும், எடுக்கலாம் என்று சொல்லும் இடத்தில் மட்டும் எடுங்கள். ஒருவர் முணுமுணுத்தார். அவர் பாதியில் கழன்றுகொண்டதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

கேசவப் பிள்ளை பூங்காக் குடியிருப்புக்குக் கீழேயும் நின்றோம். கே.பி. பார்க் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். புதிதாகக் கட்டிய ஒன்பது மாடி வீடுகளில் 2021இல் கை வைத்த இடமெல்லாம் சிமென்ட் பூச்சு உதிர்ந்ததே, டிவியில் பார்த்திருப்பீர்கள், அதே இடம். ஐஐடி நிபுணர்களை வைத்து ஆய்வு செய்யும் அளவுக்கு விஷயம் போனது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் அதே 2021இல்தான் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பழைய வீட்டை இடிக்கும்போது எங்கே போனீர்கள், எத்தனை வருடம் வெளியில் வாடகை கொடுத்தீர்கள், திரும்பி வந்தபோது யார் யாருக்கு எந்த மாடி விழுந்தது, லிஃப்ட் நின்றால் வயதானவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் அங்கே குடியிருக்கும் பெண்கள் வரிசையாகச் சொன்னார்கள். ஹெரிடேஜ் என்ற சொல்லுக்குள் இதற்கு இடமில்லை என்றால் சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு ஆசையும் உண்டு. சென்னையின் ஆற்றோரங்களிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் தெற்கே ஊர் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் பலர் இன்றும் வேலைக்காகவும் கோயில் திருவிழாவுக்காகவும் சாவுக்காகவும் இரண்டு பஸ் மாறிப் பழைய இடத்துக்கு வந்து போகிறார்கள். அவர்கள் வழிகாட்டியாக வந்து, “இந்தக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்க வீடு” என்று காட்டும் நடை ஒன்று வேண்டும். இன்று அழகாகப் புல் போட்டு, வாக்கிங் டிராக் போட்ட கரைகள் எத்தனை! அதில் நடக்கிறவர்களுக்கு அதன் அடியில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டாமா?

காசு விஷயத்தைப் பேசாமல் விடக்கூடாது. கனடாவின் டொரன்டோவில், நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007இல் ‘ஜேன்ஸ் வாக்’ தொடங்கினார்கள். மே மாத முதல் வார இறுதியில் நடக்கும், யார் வேண்டுமானாலும் நடத்தலாம், முழுக்க இலவசம். இப்போது பல நாடுகளில் நடக்கிறது. டெல்லி பகார்கஞ்சில் தெருவில் வளர்ந்த பிள்ளைகள் பயிற்சி பெற்று நடத்தும் சலாம் பாலக் அறக்கட்டளையின் நடைக்குக் கட்டணம் உண்டு. எனக்கு இரண்டுமே சரி, ஆனால் இடம் பார்த்து. ஏரியாக்காரர்கள் தங்களுக்குள் நடந்தால் எதற்குக் காசு? அண்ணா நகரிலிருந்தும் ஓ.எம்.ஆரிலிருந்தும் வரும் நாம் கொடுக்கத்தான் வேண்டும், அதுவும் முதல் பங்கு நடத்துகிறவருக்கு. ‘பாரம்பரியச் சிற்றுண்டியுடன்’ என்று போட்டு ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு, உள்ளூர்க்காரருக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். பொன்னாடையை வைத்துக்கொண்டு அவர் கேஸ் சிலிண்டர் வாங்க முடியாது.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், இந்த வட்டாரம் மாறப்போகும் வேகம் அப்படி. 2023-24 பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் மெட்ரோ, பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி வழியாகப் பூமிக்கடியில் வருகிறது. ஸ்டேஷன் திறக்கும் முன்பே வாடகையை ஏற்ற ஹவுஸ் ஓனர்கள் மனக்கணக்குப் போட்டுவிட்டார்கள். வளர்ச்சி வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மெட்ரோ வந்தால் நல்லதுதான் என்று அக்காவே சொன்னார். எதைக் கட்டுவது, எங்கே கட்டுவது என்று முடிவு செய்யும்போது தங்களைக் கேட்கவில்லையே என்பதுதான் அவர்கள் குறை.

கேட்க ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2022இல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபை மாதிரி, நகரத்துக்கு. நடைமுறையில் என்ன ஆகிறது? மண்டபத்தில் நாற்காலி போட்டு, கவுன்சிலர் வந்து, மனு வாங்கி, போட்டோ எடுத்து முடித்துவிடுகிறார்கள். என் யோசனை, அந்தக் கூட்டத்தில் ஒன்றையாவது நடந்துகொண்டே நடத்துங்கள். மாநகராட்சியின் உதவிப் பொறியாளரும் குடிநீர் வாரியத்து ஆளும் கூட வரட்டும். ஸ்டீபன்சன் ரோட்டில் ஓட்டேரி நல்லா என்ற கால்வாயைக் கடக்கும் பாலத்தில் நின்று, எந்த மழைக்குத் தண்ணீர் எந்த வீட்டுப் படிவரை ஏறும் என்று அங்கே இருப்பவர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள். மழைக்கு மழை மூழ்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை வரை நடந்தால், முதலில் எந்தப் பக்கத்துச் சாக்கடை எதிர்த்து அடிக்கிறது என்று அந்த முனைப் பஞ்சர் கடைக்காரருக்குத் தெரியும். கன்சல்டன்ட் அறிக்கையில் இருப்பதைவிட இது துல்லியமாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

அந்த வட்டாரம் அடங்கிய மாநகராட்சி மண்டலத்துக்கே திரு.வி.க. நகர் என்றுதான் பெயர். அங்கிருக்கும் கவுன்சிலர்களில் ஒருவர் துணிந்தால் போதும், அடுத்த பகுதி சபையையே இப்படி நடத்திவிடலாம். ஆகஸ்டில் வழக்கம்போல வாக் நடத்தும் நண்பர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: இந்த வருடம் உங்கள் பட்டியலில் ஒரு நடையை மட்டும் ஏரியாக்காரர்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, நீங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வாருங்கள். காலை ஆறு மணிக்கே வர வேண்டியிருக்கும். ஏழரைக்குத் தண்ணீர் லாரி வரும், அக்கா கிளம்பிவிடுவார்.