பஞ்சரும் பாஸ்கலும்

(வீட்டு வாசல், மாலை நேரம். சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. பின்சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் முக்கால் வாளித் தண்ணீர். அக்காவும் தம்பியும் படிப்பது ஒரே பல்கலைக்கழகத்தில். வீட்டிலிருந்து 12 கிலோமீட்டர். நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. அக்கா சைக்கிள் கட்சி. தம்பி இன்று காலை வரை பஸ் கட்சி.)

தம்பி: அக்கா, நாளைக்குக் காலையில் உனக்கு வகுப்பு இல்லைதானே?

அக்கா: சுற்றி வளைக்காதே. சைக்கிள் வேண்டுமா?

தம்பி: எனக்கா? எனக்கு எதற்கு? ஒன்பது மணிக்குச் செய்முறைத் தேர்வு இருக்கிறது, அதற்குத்தான் வேண்டும்.

அக்கா: தாராளமாக எடுத்துக்கொள். ஆனால் பின்டயர் பஞ்சர். ஒட்டினால் ஓட்டலாம்.

தம்பி: எனக்கு ஒட்டத் தெரியாதே.

அக்கா: நான் சொல்கிறேன், நீ செய். ஆமாம், பஸ்தான் ராஜபயணம், சைக்கிள் எல்லாம் வேலையற்றவர்கள் வேலை என்றாயே, என்ன ஆச்சு?

தம்பி: இன்றைக்கு ராஜா வகுப்புக்கு வெளியே நின்றார். கதவை மூடிவிட்டார்கள். அரை மணி நேரம் நிறுத்தத்தில் நிற்கிறேன், ஒரு பஸ் இல்லை. அப்புறம் மூன்று வருகின்றன, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு.

அக்கா: எதில் ஏறினாய்?

தம்பி: முதல் பஸ்ஸில்தான். ஊரே அதில்தான் ஏறியது. என் பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் ஒருவர் என் கால்மேல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் இடுக்கில் பார்க்கிறேன், மூன்றாவது பஸ் எங்களைத் தாண்டிப் போகிறது. உள்ளே ஒரே ஒரு ஆள். காலை நீட்டித் தூங்குகிறார்!

அக்கா: விவரமான ஆள்.

தம்பி: இது டிரைவர்கள் எல்லாம் கூடிப் பேசிச் செய்கிற சதி அக்கா.

அக்கா: அவர்களை விடு, பாவம். முதல் பஸ் சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டிக்கொண்டது என்று வை. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏறி முடிப்பதற்குள் இன்னும் கொஞ்சம் தாமதம். அதனால் அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஏற்ற ஆளே இல்லை. நிற்க வேண்டிய வேலை குறைவு, விறுவிறுவென்று வந்து முன்னது முதுகில் ஒட்டிக்கொள்கிறது.

தம்பி: ஆக, ஒருதடவை தாமதமானால் மேலும் மேலும் தாமதமாகும். என் படிப்பு மாதிரியே.

அக்கா: அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. டியூபை வெளியே எடு. ஸ்பூனால் நெம்பாதே, இந்தா லீவர். இப்போது காற்றடித்துத் தண்ணீருக்குள் அமுக்கு. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே வா.

தம்பி: குமிழி வருகிறது! அக்கா, குமிழி!

அக்கா: அது நீ கையை முக்கியதால் வந்தது. ஓட்டையிலிருந்து வந்தால் நிற்காமல், ஊசியில் கோத்த மணி மாதிரி வரிசையாக வரும்.

தம்பி: ...இதோ. வரிசையாகத்தான் வருகிறது. இந்தப் பஸ்காரர்கள் இதைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம்.

அக்கா: அந்த இடத்தைக் குறித்து வை. துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய். பளபளப்புப் போக வேண்டும். பிறகு சொல்யூஷன் தடவு. உடனே பேட்ச்சை வைத்துவிடாதே, காத்திரு.

தம்பி: இதற்கும் காத்திருக்க வேண்டுமா! காத்திருக்க முடியாமல்தானே சைக்கிளுக்கே வந்தேன்?

அக்கா: விரலில் ஒட்டி வராத பதம் வரட்டும். அதுவரை சும்மா இருக்காதே. டயருக்கு உட்புறம் விரலை விட்டு ஒரு முழுச் சுற்றுத் தடவிப் பார். மெதுவாக, குத்திவிடும். ஓட்டை போட்டவன் உள்ளேயேதான் உட்கார்ந்திருப்பான்.

தம்பி: (தடவிக்கொண்டே) எனக்கு ஒன்று புரியவில்லை. மணிக்கு ஆறு பஸ் என்று பலகையில் போட்டிருக்கிறது. அப்படியானால் பத்து நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும். சராசரியாக ஐந்து நிமிடம் நின்றால் போதும். கணக்கு சரிதானே?

அக்கா: ஒழுங்காகப் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் வந்தால் சரி. அரை மணிக்கு ஒருமுறை மும்மூன்றாக வந்தால்? அப்போதும் மணிக்கு ஆறு பஸ்தான். பலகை பொய் சொல்லவில்லை. ஆனால் நீ நிற்பது சராசரி 15 நிமிடம்.

தம்பி: அதே பஸ், அதே எண்ணிக்கை, மூன்று மடங்கு நிற்க வேண்டுமா? இந்தக் கணக்கை எல்லாம் யார் ஆரம்பித்து வைத்தது?

அக்கா: நிகழ்தகவுக் கணக்கை ஆரம்பித்து வைத்தவர்களில் பாஸ்கல் ஒருவர். நகரத்துக்குள் பஸ் மாதிரி வண்டி விடுகிற யோசனையும் அவருடையதுதான். 1662-இல் பாரிஸில் குதிரை வண்டிகள். குறித்த வழி, குறித்த நேரம், ஆள் இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும்.

தம்பி: (கையை எடுத்துவிட்டு) இரு, இரு. பஸ்ஸையும் விட்டு, அது வருமா வராதா என்று கணக்குப் போடவும் ஒரே ஆளே வழி செய்தாரா? முன்யோசனைக்காரர். அப்புறம் என்ன ஆனார்?

அக்கா: அதே வருஷம் ஆகஸ்டில் இறந்துவிட்டார்.

தம்பி: நிறுத்தத்திலா?

அக்கா: உடம்பு சரியில்லாமல்! பேட்ச்சை எடு. நடுவிலிருந்து ஓரத்துக்கு நன்றாக அமுக்கு.

தம்பி: சரி, உன் சைக்கிளில் மட்டும் குறையே இல்லையா? நேற்று உங்கள் பேராசிரியர் உன்னைப் பார்த்து வெளியே மழையா என்று கேட்டாராமே.

அக்கா: (சற்று மௌனம்) வியர்வை. அதற்குத்தான் பையில் மாற்றுச்சட்டை வைத்திருக்கிறேன்.

தம்பி: உன் எல்லா உடுப்பிலும் வலது கால் பக்கம் கறுப்பு மை கோடு போட்டிருக்கிறது. இடது கால் சுத்தம்.

அக்கா: செயின் வலது பக்கம்தானே இருக்கிறது.

தம்பி: போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று என்று நீதான் புலம்புகிறாய். நான் பஸ்ஸில் உட்கார்ந்து புத்தகமே படிக்கிறேன்.

அக்கா: எத்தனை பக்கம் படித்திருக்கிறாய்?

தம்பி: வண்டி குலுங்கும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். அந்த வரி எனக்கு மனப்பாடம்.

அக்கா: நான் பறக்கிறேன் என்று சொன்னேனா? மணிக்கு 15 கிலோமீட்டர். ஆக மொத்தம் 48 நிமிடம். சிக்னலுக்குக் கொஞ்சம் சேர்த்தால் 55. நேற்றும் 55, இன்றும் 55, நாளைக்கும் 55. உன் பஸ் சில நாள் 35 நிமிடத்தில் கொண்டு சேர்க்கும், சில நாள் 90 ஆக்கும். நீ அந்த 35-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தினமும் எட்டு இருபத்தைந்துக்குக் கிளம்புகிறாய்.

தம்பி: நம்பிக்கைதான் அக்கா வாழ்க்கை.

அக்கா: கதவுக்கு வெளியே நின்றவன் பேசுகிற பேச்சா இது? டியூபில் லேசாகக் காற்று ஏற்றி உள்ளே வை. டயர் ஓரத்தைக் கையாலேயே தள்ளு.

தம்பி: இந்தக் காற்று டயர் எந்தப் புண்ணியவான் வேலை?

அக்கா: டன்லப். 1888-இல் காப்புரிமை வாங்கினார். கால்நடை மருத்துவர். மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் கெட்டி ரப்பர்தான். எலும்பெல்லாம் குலுங்கும்.

தம்பி: ஆனால் பஞ்சர் ஆகாது.

அக்கா: ஆகாது.

தம்பி: மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் படித்தவர் மாட்டோடு நின்றிருக்கலாம்.

(சக்கரத்தை மாட்டுகிறார்கள். செயினை ஏற்றும்போது தம்பியின் வலது காலில் ஒரு கறுப்புக் கோடு. அக்கா அதைப் பார்க்கிறாள், எதுவும் சொல்லவில்லை. தம்பி மூச்சிரைக்கக் காற்றடிக்கிறான்.)

தம்பி: கல் மாதிரி இருக்கிறது பார்! நாளைக்கு ஏழரைக்குக் கிளம்பினால் எட்டு இருபத்தைந்துக்கு உள்ளே. கதவைத் திறக்கிறவரே நான்தான். (சீட்டில் ஏறி உட்கார்கிறான்.)

(ஸ்ஸ்ஸ்ஸ்.)

தம்பி: அது... பாம்பா?

அக்கா: டயருக்குள் முழுச் சுற்றும் தடவினாயா?

தம்பி: பாதிச் சுற்றில்தான் நீ பாஸ்கலைக் கூட்டி வந்தாய்.

அக்கா: இறங்கு.

தம்பி: இறங்கிவிட்டேன். அக்கா... வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டாயா?

அக்கா: உன்னைத் தெரிந்துமா?