கேஸ் ஸ்டேஷன் பர்கருக்கு ஒரு வக்காலத்து

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்காரர்களைச் சண்டைக்கு இழுக்க அரசியல் பேச வேண்டியதில்லை. ஷீட்ஸ் நல்லதா, வாவா நல்லதா என்று கேட்டால் போதும். இரண்டுமே பெட்ரோல் பங்கோடு (அங்கே அதற்குப் பெயர் கேஸ் ஸ்டேஷன்) சேர்ந்த கடைகள். இரண்டுக்கும் பூர்வீகம் பால் வியாபாரம். ஷீட்ஸ் 1952-இல் ஆல்டூனாவில் தொடங்கியது, வாவாவின் முதல் கடை 1964-இல் ஃபிலடெல்ஃபியா பக்கம் ஃபோல்சமில். மாநிலத்தின் மேற்கும் நடுவும் ஷீட்ஸ் ராஜ்ஜியம், கிழக்கு வாவாவுக்கு. வாவாவின் ஹோகி சாண்ட்விச்சைப் பற்றி அந்தப் பக்கத்துக்காரர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். நான் ஷீட்ஸ் கட்சி. காரணம், பர்கர்.

ருசிக்காகச் சொல்லவில்லை. கரி அடுப்பில் வாட்டிய, ஓரம் மொறுமொறுவென்று இருக்கிற பர்கர்தான் வேண்டும் என்பவர்கள் அங்கே போகாதீர்கள். உள்ளே வைக்கிற இறைச்சி வட்டு சுமார். பன் மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் ஒரு பர்கருக்குக் கொடுப்பதில் பாதிகூட இங்கே ஆகாது. ஆனால் மலிவு மட்டும் என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். மலிவாக வாங்குகிறவனையும் 'உனக்கு எப்படி வேண்டும்?' என்று கேட்கிறார்களே, அதுதான் விஷயம்.

அமெரிக்காவில் மலிவான பர்கர் பிறந்ததே அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டதால்தான். 1948-இல் மெக்டொனால்ட் சகோதரர்கள் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் தங்கள் கடையை மூடி, புதுசாகத் திறந்தபோது மெனுவை ஒன்பதே பண்டங்களாகச் சுருக்கினார்கள். ஹாம்பர்கர் 15 சென்ட். கெட்சப், கடுகு, வெங்காயம், இரண்டு துண்டு பிக்கிள் (ஊறவைத்த வெள்ளரி), எல்லோருக்கும் அதேதான். எனக்கு வெங்காயம் வேண்டாம் என்று ஒருத்தர் ஆரம்பித்தால் வரிசை நின்றுவிடும், வரிசை நின்றால் 15 சென்டுக்குக் கட்டுபடியாகாது. 1974-இல் பர்கர் கிங், உங்கள் இஷ்டப்படி செய்து தருகிறோம் என்று விளம்பரமே போட்டது என்றால், அதுவரை இஷ்டப்படி கேட்பது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று பாருங்கள்.

நமக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும். நம்மூர் டீக்கடையில் பத்து ரூபாய் டீக்கே 'சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங்கா, ஆத்தாம' என்று ஆளாளுக்குச் சொல்ல, மாஸ்டர் தலையை நிமிர்த்தாமல் சரியாகப் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த மாஸ்டரின் ஞாபகசக்தி செய்கிற வேலையைத்தான் ஷீட்ஸில் தொடுதிரை செய்கிறது, அதுவும் 1990களிலிருந்தே. பர்கரைத் தொட்டால் முதலில் பன் எது என்று கேட்கும், அப்புறம் சீஸ், அப்புறம் காய்கள், சாஸ். லெட்யூஸ், தக்காளி, வெங்காயம், பிக்கிள், ஹாலப்பீனோ மிளகாய் என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், பெரும்பாலானவற்றுக்குத் தனிக் காசு இல்லை. எண் போட்ட சீட்டு வரும். கல்லாவில் பணம் கட்டிவிட்டு நின்றால் எண்ணைக் கூப்பிடுவார்கள். சமையல் பக்கம் இருப்பவருக்குக் கேட்டது பாதி, கேட்காதது பாதி என்ற குழப்பமே இல்லை. பெட்ரோலில் கிடைக்கும் லாபம் சொற்பம். பெட்ரோல் போட வந்தவரை உள்ளே இழுத்துச் சாப்பாடு விற்றால்தான் இந்தத் தொழிலில் காசு. அதனால்தான் கேட்டபடி செய்து தருவது அவர்களுக்குக் கட்டுபடியாகிறது.

ஒருமுறை நள்ளிரவு தாண்டி, பிரீஸ்வுட் கடையில் நின்றிருந்தேன். டர்ன்பைக் என்கிற சுங்கச் சாலையும் எழுபதாம் நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடம், பிட்ஸ்பர்க் பெருமாள் கோவிலுக்குக் காரில் போய்வருகிற வாஷிங்டன் பக்கத்துத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். எனக்கு முன்னால் ஒளிரும் மேல்சட்டை போட்ட சாலைப் பணியாளர் ஒருவர். கையுறையோடு தொட்டால் திரை அசையவில்லை. பல்லால் கடித்துக் கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம் நிதானமாக, பிக்கிளைக் கூட்டினார், தக்காளியை எடுத்தார், மறுபடி சேர்த்தார், ஒரு சாஸுக்கும் இன்னொரு சாஸுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் யோசித்தார். பின்னால் வரிசை இருந்தது, அவர் அதைச் சட்டை பண்ணவில்லை. திரையும் அவசரப்படுத்தவில்லை. அந்த நேரத்துக்குச் சுற்றுவட்டாரச் சின்ன ஊர்களில் சூடான சாப்பாடு கிடைப்பதே அபூர்வம். ஷீட்ஸ் வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

இன்னொரு லாபம் நம்மவர்களுக்கு. புதிதாக வந்த மாணவர்கள் துரித உணவுக் கடையில் மெனு எண்ணை மட்டும் 'நம்பர் டூ' என்று சொல்லித் தப்பிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உச்சரிப்பு புரியாமல் எதிரில் இருப்பவர் இரண்டு தரம் 'சாரி?' என்று கேட்டால் மூன்றாவது தரம் வாயே வராது. மாட்டிறைச்சி வேண்டாம், கோழி போதும் என்பதை நூறு பேர் முன்னால் விளக்க வேண்டியதில்லை, ஹாலப்பீனோவை இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. திரை யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

அதற்காகத் திரை ஒன்றும் புத்தர் இல்லை. பேக்கன் சேர்க்கலாமா, பெரிய ஃப்ரைஸ் ஆக்கலாமா என்று கேட்க அது மறக்கவே மறக்காது. மனுஷனுக்காவது அலுக்கும். மலிவு என்று உள்ளே போய்க் கண்டதையும் சேர்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் நானும் உண்டு. உடம்புக்கு நல்லதா என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

திரைக்குப் பின்னால் நிற்கிற மனிதர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடைந்த பல், விழுந்த பல் உள்ளவர்களை வேலைக்கு எடுக்காத ஒரு 'புன்னகை' விதியை ஷீட்ஸ் பல காலம் வைத்திருந்தது. செய்தி வெளியாகி, விமர்சனம் கிளம்பிய பிறகு 2022-இல்தான் கைவிட்டார்கள். இந்த நாட்டில் பல் வைத்தியத்துக்குத் தனிக் காப்பீடு. பென்சில்வேனியாவில் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. மலிவான பர்கர் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களில் பலரும் அந்தப் பல் பரிசோதனையில் தோற்றிருப்பார்கள். வாடிக்கையாளரின் வெங்காயத்துக்குக் காட்டிய மரியாதையை வேலைக்கு வருபவரின் வாய்க்குக் காட்ட அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. என் கட்சிதான், ஆனாலும் இதை மழுப்ப மாட்டேன்.

இதைவிட என்னை எரிச்சலூட்டுவது அரசாங்கத்தின் விதி. ஸ்னாப் என்கிற உணவு உதவி அட்டையில் கல்லாவுக்கு வரும்போது சூடாக இருக்கிற உணவை வாங்க முடியாது. அதே கடையில், அதே திரையில் குளிர்ந்த சப் (நீள ரொட்டி சாண்ட்விச்) ஒன்றை இஷ்டப்படி ஆர்டர் செய்து அட்டையில் கட்டலாம். சூடான பர்கர் என்றால் கிடையாது. கேட்டால், வீட்டில் சமைப்பதற்கான உதவி இது என்பார்கள். மோட்டல் அறையில் அடுப்பில்லாமல் குழந்தையோடு தங்கியிருப்பவர் எங்கே போய்ச் சமைப்பார்? பெரும்புயல், வெள்ளம் என்றால் அந்தந்தப் பகுதிக்குத் தற்காலிகமாக இந்தத் தடையைத் தளர்த்துகிறார்கள். கல்லா இயந்திரமும் அன்றைக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை.

இந்தத் தடையை ஒரேயடியாக எடுக்கக் கோரும் மசோதாவும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு வந்தது, நிறைவேறவில்லை. மறுபடி வரும்போது உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். விசாவில் இருப்பவர்களும் தயங்க வேண்டாம். ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும், போன் போடுவதற்கு அது தேவையில்லை.