நன்றி லிஸ்ட்ல சாட்பாட்டுக்கு இடம் இருக்கு

ஒரு டாக்டரோட ரிவ்யூ பேப்பருக்கு லைப்ரரியனா நான் தேடிக் குடுத்தேன், பேப்பர் வந்தாச்சு, நன்றி லிஸ்ட்ல என் பேர் மட்டும் இல்ல. அந்த மேட்டர்தான். நேத்துல இருந்து பாதிப் பேர் இன்பாக்ஸ்ல வந்து விசாரிச்சாச்சு. கோவம்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா சொல்லணும்னு தோணுச்சு.

டைப் பண்ணவருக்கு நன்றி. இங்கிலீஷ் திருத்திக் குடுத்த சாட்பாட்டுக்கு நன்றி. 3 வாரம் உக்காந்து தேடிக் குடுத்த லைப்ரரியனுக்கு? ம்ஹூம்.

தேடுறதும் வேலைதாங்க. மருத்துவக் கட்டுரைங்கள தேடுற பப்மெட் தளத்துல ரெண்டு வார்த்தை தட்டுனா அது சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, அதாவது ஒரு கேள்வி பத்தி வந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் விடாம தேடித் தொகுக்குறது, ஆயிடாது. ஹார்ட் அட்டாக்கையே எடுத்துக்கங்க, பப்மெட்டோட மெஷ்ங்கிற தலைப்புச் சொல் பட்டியல்ல அது மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன், எம்பேஸ்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ்ல ஹார்ட் இன்ஃபார்க்ஷன், எழுதுற டாக்டருங்க எம்ஐ, ஏஎம்ஐன்னு ஆளுக்கு ஒண்ணு, அத்தனையும் நடுவுல 'ஆர்' (OR, 'அல்லது') போட்டுக் கோக்கணும், ஒரு பிராக்கெட் இடம் மாறுனா குப்பையா வந்து கொட்டும், அப்புறம் டூப்ளிகேட் களையணும். புக் அடுக்குற வேலைன்னு எங்கம்மாவே இன்னும் நெனச்சிட்டு இருக்காங்க, அது தனிக் கதை.

"ஏஐ வந்தாச்சே, நீங்க எதுக்கு?"ன்னு கேக்குறாங்க. போன மாசம் ஒரு பிஜி ஸ்டூடண்ட் 11 ரெஃபரன்ஸ் கொண்டுவந்து ஃபுல் டெக்ஸ்ட் கேட்டார். 4 எங்கயுமே கிடைக்கல. ஜர்னல் நிஜம், வால்யூம் நிஜம், அந்தப் பக்கத்தைத் திறந்தா யாரோ எலி கிட்னியைப் பத்தி எழுதியிருக்காங்க. எனக்குத்தான் தேடத் தெரியலயோன்னு அரை நாள் மண்டைய ஒடச்சேன். "அது ஏஐ குடுத்தது மேடம்"னு சிரிக்கிறார். சிரிக்கிறார்!

"ஒரு பேருக்கு இவ்ளோ புலம்பலா?" 2001ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஆஸ்துமா ஆராய்ச்சிக்கு வாலண்டியரா வந்த 24 வயசுப் பொண்ணு, நோய் நொடி இல்லாத பொண்ணு, ஹெக்சாமெத்தோனியம்ங்கிற மருந்தை உள்ளிழுத்து இறந்துபோச்சு. ஆராய்ச்சி பண்ணவங்க தேடுன பப்மெட் அப்போ 1966க்கு முன்னாடி போகாது. அந்த மருந்து நுரையீரலக் கெடுக்கும்னு 1950கள்லயே எழுதி வச்சிருந்தாங்க. தேடுறதெல்லாம் ஒரு வேலையான்னு அங்க போய்க் கேளுங்க. (சரி, என் பேர் விட்டுப்போனதையும் இதையும் ஒரே தராசுல வைக்கிறது ஓவர்தான். தெரியுது.)

ஆத்தர்ஷிப் கேக்கல, ஒரு வரி நன்றி. "சம்பளத்துக்குத்தானே செஞ்சீங்க"ன்னா, டாக்டர் என்ன சம்பளம் வாங்காமயா எழுதுனார்?

இந்த மாதிரி ரிவ்யூவ எப்படி எழுதணும்னு சொல்ற பிரிஸ்மா விதிப்படி, தேடுன சர்ச் முழுசையும் வெளியிடணும். அப்பெண்டிக்ஸ்ல போட்டிருக்காங்க, என் மெயில்ல இருந்து அப்படியே எடுத்து. 14வது வரி பக்கத்துல "டாக்டர்கிட்ட கேக்கணும்"னு எனக்கு நானே எழுதி வச்சிருந்தேன். அதையும் சேத்து அச்சடிச்சிருக்காங்க.